மெலிந்தவருக்கும் ஏன் சர்க்கரை நோய்?

சர்க்கரை நோய் என்றதும் தொப்பையும் பருமனும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அரசு மருத்துவமனையில் காலை நேரத்தில் சர்க்கரை நோய்ப் பிரிவின் வரிசையைப் பார்த்தால் அந்தப் படம் கலைந்துவிடும். கன்னம் ஒட்டிய கொத்தனார், அறுபது கிலோவைத் தாண்டாத பேருந்து நடத்துநர், வயல் வேலைக்குப் போகும் மெலிந்த பெண் எல்லோரும் மாத்திரைச் சீட்டோடு நிற்கிறார்கள். "நான் குண்டாகவே இல்லையே, எனக்கு எப்படி சுகர் வந்தது?" என்று இவர்கள் கேட்டால், பரம்பரை என்ற ஒற்றைச் சொல்லோ, வாயைக் கட்டவில்லை என்ற கண்டிப்போதான் பெரும்பாலும் பதிலாகக் கிடைக்கிறது. இரண்டும் கேள்வியை மூடிவைக்கின்றனவே தவிர, தீர்த்துவைப்பதில்லை.

இந்தக் கேள்வி ஒரு சிலருடையதும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 10.1 கோடி இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில், அதாவது முன்நீரிழிவு நிலையில் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பான்மையோர் மேலைநாட்டு அளவுகோலின்படி பருமனானவர்கள் அல்லர். இங்கிலாந்தில் சுமார் 15 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசிய 2021ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இதை எண்ணிலேயே காட்டியது. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் உடல் நிறைக் குறியீடு 30ஐத் தொடும்போது வெள்ளையருக்கு வரும் அதே ஆபத்து, தெற்காசிய வம்சாவளியினருக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது. 30 என்பது பருமன். 23.9 என்பது கண்ணாடியில் பார்த்தால் கச்சிதமாகத் தெரியும் உடம்பு.

உணவிலிருந்து வரும் சர்க்கரையையும் கொழுப்பையும் கையாள ஒவ்வோர் உடலுக்கும் ஓர் அளவு உண்டு. அதைத் தாங்குதிறன் என்போம். நாம் அதன்மேல் ஏற்றுவது சுமை. சுமை தாங்குதிறனை மீறும் இடத்தில் நோய் தொடங்குகிறது. நம்மில் பலருக்கு அந்தத் தாங்குதிறன் சிறியது, அதன் பெரும்பகுதி தாயின் வயிற்றிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். இது உண்மையென்றால், எடைமேடை காட்டும் எண்ணை நம்பி ஒருவரைப் பாராட்டுவதும் பழிப்பதும் தவறாகிவிடும்.

இரண்டு மருத்துவர்கள், ஒரே எண்

2004இல் லான்செட் மருத்துவ இதழ் ஒரு புகைப்படத்தை வெளியிட்டது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவரும் சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர்கள், நண்பர்கள். இருவரது உடல் நிறைக் குறியீடும் 22.3. எந்த மருத்துவரிடம் போனாலும் இருவருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்: எடை சரியாக இருக்கிறது, கவலை வேண்டாம்.

ஆனால் உடலுக்குள் எலும்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் எக்ஸ்-கதிர்க் கருவியில் இருவரையும் அளந்தபோது கதை மாறியது. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். இந்தச் சதவீதங்களை நாம் கிலோவாக மாற்றிப் பார்க்கலாம். இருவரும் 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரிடம் கொழுப்பு ஏறத்தாழ 6 கிலோ, இரண்டாமவரிடம் ஏறத்தாழ 14 கிலோ. மொத்த எடை ஒன்றே என்பதால், இந்தியரிடம் கூடுதலாக உள்ள 8 கிலோ கொழுப்புக்கு ஈடாக 8 கிலோ வேறு ஏதோ குறைந்திருக்க வேண்டும். குறைந்திருப்பதில் பெரும்பங்கு தசை. எடைமேடைக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். அதனால் ஒன்று கூடி இன்னொன்று குறைந்ததை அது ஒருபோதும் சொல்லாது.

ஒல்லியாகத் தெரிந்தும் கொழுப்பு மிகுந்த இந்த அமைப்பை 'மெலிகொழுப்பு உடல்' என்று அழைக்கலாம். கை கால்கள் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் லேசாக முன்தள்ளியிருக்கும். சட்டைக்குள் மறைந்துவிடும் அந்தச் சிறு தொப்பையை நாம் வயதின் அடையாளமாகவோ வசதியின் அடையாளமாகவோ எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறோம்.

ஒரு தட்டுச் சோறு எங்கே போகிறது?

8 கிலோ இடம் மாறியதில் என்ன கெட்டுவிட்டது? இரண்டு மருத்துவர்களும் ஒரே அளவு சோறு சாப்பிடுவதாகக் கொள்வோம். சோற்றிலுள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோசாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் கட்டளையிட்டதும் குளுக்கோசில் ஒரு பங்கைக் கல்லீரலும், மிகப் பெரிய பங்கைத் தசைகளும் வாங்கிக்கொள்கின்றன. தசை குறைந்த உடலில் வாங்கிக்கொள்ளும் இடமே குறைவு. ஆகவே அதே தட்டுச் சோற்றுக்கு, யாஜ்னிக்கைப் போன்ற உடலில் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்தாக வேண்டும். ஒரு வேளைக்கு இது பெரிய விஷயமில்லை. ஆண்டுக்கு ஆயிரம் வேளை, முப்பது ஆண்டுகள் என்று கணக்கிட்டால் கணையத்தின் உழைப்பு புரியும்.

மிச்சமாகும் ஆற்றல் கொழுப்பாகிச் சேமிப்புக்குப் போகிறது. இங்கே கொழுப்பின்மீது நாம் சுமத்தும் பழியைச் சற்று நிறுத்திவைக்க வேண்டும். தோலுக்கு அடியில், தொடையிலும் இடுப்பிலும் சேரும் கொழுப்பு உடலுக்குக் காவல்தான். அது வீட்டு நெற்குதிரைப் போன்றது. குதிர் பெரிதாக இருந்தால் எவ்வளவு விளைந்தாலும் கொட்டிவைக்கலாம். சிறிதாக இருந்தால் நெல் வழிந்து கூடத்திலும் அடுக்களையிலும் சிதறும். தெற்காசியர் பலருக்குத் தோலடிக் குதிர் சிறியது, சீக்கிரமே நிரம்பிவிடுகிறது என்று ஆலன் ஸ்னைடர்மனும் அவருடைய சகாக்களும் 2007இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். வழிந்த கொழுப்பு வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும், கல்லீரலிலும், தசையிலும் போய்ப் படிகிறது. கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. தேவையில்லாத நேரத்திலும் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது.

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதே முக்கியம் என்ற இந்தக் கூற்றைச் சோதிக்க இயற்கையே ஓர் அரிய வாய்ப்பைத் தந்திருக்கிறது. பிறவியிலேயே தோலடிக் கொழுப்பு இல்லாத சிலர் உண்டு. லிப்போடிஸ்ட்ரோபி என்ற இந்தக் குறை உள்ளவர்கள் பார்வைக்கு உடற்பயிற்சி செய்து இறுகியவர்கள்போல் இருப்பார்கள். கொழுப்புதான் நோய்க்குக் காரணமென்றால் இவர்களுக்குச் சர்க்கரை நோய் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. நடப்பது நேர்மாறு. சேமிக்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலை நிறைத்து, இளவயதிலேயே கடுமையான சர்க்கரை நோய் வருகிறது. கொழுப்புத் திசு இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகளுக்கு, அமெரிக்க ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வேறு எலிகளின் கொழுப்புத் திசுவை ஒட்டுவைத்தபோது, அவற்றின் சர்க்கரை நோய் விலகியது. கொழுப்பை உள்ளே வைத்து நோயை நீக்கியிருக்கிறார்கள்! இடத்தின் முக்கியத்துவத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஓடாத குழந்தைகள்

அந்தப் புகைப்படத்தைப் பார்த்ததும் எழும் முதல் மறுப்பு நியாயமானது. யட்கின் மாரத்தான் ஓடுபவர், யாஜ்னிக் அப்படி அல்லர். இதை மறைக்காமல் லான்செட்டிலேயே அவர்கள் எழுதியிருந்தார்கள். ஓடுகிறவருக்குத் தசை இருக்கும், உட்கார்ந்திருப்பவருக்குக் கொழுப்பு இருக்கும். இதில் பிறப்பையும் நாட்டையும் ஏன் இழுக்க வேண்டும்?

இதற்குப் பதில் தர வேண்டுமென்றால், ஓடாத, உட்காராத, எந்தப் பழக்கமும் இன்னும் ஏற்படாத மனிதர்களை ஒப்பிட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் பிறந்த குழந்தைகள் மட்டுமே. யாஜ்னிக்கின் குழு 1990களில் புனேவுக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, பிறந்த குழந்தைகளை அளந்தது. அம்மாக்கள் வயலில் உழைக்கும் பெண்கள், சராசரி எடை சுமார் 42 கிலோ. குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. சிறிய குழந்தை என்றால் எல்லாமே ஒரே விகிதத்தில் சிறியதாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படி இல்லை. புனேக் குழந்தைகளின் வயிற்றுச் சுற்றளவும், அதாவது உள்ளுறுப்புகளின் அளவும், தசையைக் காட்டும் மேற்கைச் சுற்றளவும் மிகவும் குறைந்திருந்தன. தோள்பட்டைக்குக் கீழே முதுகில் தோலைக் கிள்ளி எடுத்து அளக்கும் கொழுப்பு மடிப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 800 கிராம் குறைந்து பிறந்த குழந்தை தசையையும் உறுப்புகளையும் விட்டுக்கொடுத்து, கொழுப்பைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தபோது, குழந்தையின் எடைக்கு இருக்க வேண்டியதைவிட இன்சுலின் அதிகமாக இருந்தது. இரண்டு மருத்துவர்களிடம் கண்ட வேறுபாட்டின் சாயல், ஓர் அடிகூட எடுத்து வைக்காத பிள்ளைகளிடமே தெரிந்துவிட்டது.

கருவிலுள்ள குழந்தைக்குக் கிடைக்கும் சத்து குறைவாக இருந்தால் அது முதலில் மூளையைக் காக்கிறது. தசை இழைகளின் எண்ணிக்கையும், சிறுநீரகத்தின் வடிகட்டிகளும், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களின் பெரும்பகுதியும் உருவாவது பிறப்பதற்கு முன்போ, பிறந்த சில மாதங்களுக்குள்ளோதான். அந்தக் காலம் கடந்த பிறகு எவ்வளவு ஊட்டினாலும் எடை கூடும், அந்தக் கட்டுமானம் கூடாது. நெருக்கடியில் உயிர் பிழைக்கச் செய்யும் ஏற்பாடாகவே இதைப் பார்க்க வேண்டும். இதில் குழந்தையின் குற்றமும் இல்லை, அம்மாவின் குற்றமும் இல்லை.

பஞ்சம்தான் காரணமா, மரபணுவா?

கருவறைக்கும் நடுவயது நோய்க்கும் தொடர்பு உண்டு என்று முதலில் அழுத்தமாகச் சொன்னவர்களில் ஒருவர் சவுத்தாம்ப்டனின் டேவிட் பார்க்கர். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் 1911 முதல் செவிலியர்கள் குழந்தைகளின் எடையைப் பேரேட்டில் எழுதிவைத்திருந்தார்கள். அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்து, அவற்றிலிருந்த ஆண்களை அறுபது வயதையொட்டிக் கண்டுபிடித்துச் சோதித்தபோது, எடை குறைந்து பிறந்தவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகமாக இருந்தது. 1991இல் பார்க்கரும் நிக் ஹேல்சும் இதை வெளியிட்டார்கள்.

எக்ஸெட்டரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி ஒரு வலுவான எதிர்வாதம் வைத்தார். கருவில் வளர்ச்சியைத் தூண்டுவதும் இன்சுலின்தான். இன்சுலின் வேலையைக் குறைக்கும் மரபணு ஒரு குழந்தைக்கு வந்திருந்தால், அது சிறிதாகவும் பிறக்கும், பின்னாளில் சர்க்கரை நோயும் பெறும். குளுக்கோகைனேஸ் என்ற ஒரு மரபணுவில் பிழை உள்ள குழந்தைகள் அரைக் கிலோ குறைந்து பிறப்பதை அவர் காட்டினார். ஆக, சிறிய குழந்தைக்கும் நோய்க்கும் நடுவில் இருப்பது தாயின் பசியா, இரண்டுக்கும் பொதுவான மரபணுவா? இந்தக் கேள்விக்கு டென்மார்க்கின் இரட்டையர்கள் விடை தர உதவினார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து வந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றே. அவர்களில் ஒருவருக்கு மட்டும் சர்க்கரை நோய் வந்த இணைகளை ஆராய்ந்தபோது, நோய் வந்தவரே எடை குறைந்து பிறந்தவர் என்று தெரிந்தது. மரபணுவுக்குப் பங்கு உண்டு, ஆனால் கருவறைக்குத் தனிப் பங்கும் உண்டு என்பதே இதன் பொருள்.

நம் ஊரில் இப்போது பரவலாகப் பேசப்படும் இன்னொரு விளக்கம், ஆங்கிலேயர் ஆட்சியின் பஞ்சங்கள்தான் நம் உடலை இப்படி ஆக்கின என்பது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும்பஞ்சத்தின் கொடுமையைக் குறைத்துச் சொல்லவே முடியாது. ஆயினும் சான்று இந்த விளக்கத்தை முழுதாகத் தாங்கவில்லை. கேம்பிரிட்ஜின் எம்மா பொமரோயும் சகாக்களும் தெற்காசியாவில் கிடைத்த பண்டைய எலும்புகளை அளந்து 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்பகுதி மக்களின் தசைக்குறைவு குறைந்தது 11,000 ஆண்டுகள் பழமையானது. பஞ்சங்கள் தாய்மாரின் உடலை மேலும் சிறுக்க வைத்திருக்கலாம். ஆனால் மெலிந்த தசை அவற்றுக்கு மிக முந்தியது.

இந்தச் செய்தி என் வாதத்தைக் குலைப்பதுபோல் தோன்றலாம். உண்மையில் அதுதான் வாதத்தின் மறுபாதியைத் திறந்துவிடுகிறது. பதினோராயிரம் ஆண்டுகளாக இருக்கும் உடல், இந்த ஐம்பது ஆண்டுகளில் மட்டும் ஏன் நோயுற வேண்டும்? சென்னையில் 1989இல் பெரியவர்களில் 8.3 சதவீதமாக இருந்த சர்க்கரை நோய், 2004க்குள் 14.3 சதவீதமானது. பதினைந்தே ஆண்டுகளில் மரபணு மாறாது. மாறியது சுமை: தீட்டிய வெள்ளை அரிசி மூன்று வேளையும், எண்ணெய், சர்க்கரை போட்ட தேநீர், உட்கார்ந்து செய்யும் வேலை, நடந்த தூரத்துக்கெல்லாம் இருசக்கர வாகனம்.

இரண்டு போர்க்காலப் பட்டினிகளை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் வழியடைத்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஒருவருக்கு நாளைக்கு 400 முதல் 800 கலோரி உணவே கிடைத்தது. அப்போது கருவிலிருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது அவர்களது உடல் சர்க்கரையைச் சரியாகக் கையாளவில்லை. லெனின்கிராடு முற்றுகை அதைவிடக் கொடியது, 872 நாள் நீடித்தது. அங்கே கருவிலிருந்தவர்களிடம் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. ஏன்? நெதர்லாந்தில் 1945 மே மாதம் போர் முடிந்ததும் உணவு தாராளமாக வந்துவிட்டது. லெனின்கிராட்டில் பற்றாக்குறை குழந்தைப் பருவத்திலும் தொடர்ந்தது. பற்றாக்குறையில் உருவாகி, மிகுதியில் வளர்வதுதான் ஆபத்தான கூட்டு என்ற விளக்கம் இரண்டு முடிவுகளுக்கும் பொருந்துகிறது. டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வும் இதையே சொன்னது. முப்பது வயதையொட்டிச் சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள், குழந்தையாக மெலிந்திருந்து பிறகு வேகமாக எடை கூடியவர்கள். ஆனால் பன்னிரண்டு வயதில் அவர்களில் எவரும் பருமனாக இருக்கவில்லை.

அப்படியென்றால் எல்லாம் விதியா?

தாங்குதிறனை மாற்ற முடியாது என்றால் நடைப்பயிற்சி எதற்கு, பத்தியம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். சுமை நம் கையில் இருக்கிறது என்பதே பதில். சென்னையில் ஏ. ராமச்சந்திரன் நடத்திய தடுப்பு ஆய்வில் முன்நீரிழிவு நிலையிலிருந்த 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். மூன்றாண்டுகளில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்துவிட்டது. இது மேலைநாட்டு ஆய்வுகளில் காணாத வேகம். உணவையும் நடையையும் முறைப்படுத்தியவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி, அவர்களது எடை ஏறக்குறைய மாறவே இல்லை என்பது. தசை இயங்கும்போது இன்சுலின் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். எடைமேடையில் எதுவும் குறையவில்லையே என்று நடப்பதை நிறுத்திவிடுகிறவர்கள் இந்த முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அளவுகோலையும் மாற்ற வேண்டியிருக்கிறது. இந்திய மருத்துவர்கள் உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்கிறார்கள். அதுகூடப் போதாது, ஏனென்றால் யாஜ்னிக்கின் எண் 22.3. இடுப்பை அளக்கும் நாடா இங்கே எடைமேடையைவிட நேர்மையானது: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பவை எச்சரிக்கைக் கோடுகள்.

பிரசவத்துக்கு முன்பே

ஆனால் பெரியவர்களைத் திருத்துவதோடு நின்றால், ஒவ்வொரு தலைமுறையும் அதே சிறிய தாங்குதிறனோடுதான் தொடங்கும். அதிலும் இப்போது ஒரு புதிய வளையம் சேர்ந்திருக்கிறது. மைசூரில் நடந்த ஆய்வில், பின்னாளில் சர்க்கரை நோய் பெற்றவர்கள் பிறக்கும்போது எடை குறைந்திருந்தவர்கள் அல்லர். நீளத்துக்கு மீறிக் கொழுத்திருந்தவர்கள், எடை கூடிய தாய்மாரின் பிள்ளைகள். புனேயும் மைசூரும் முரண்படுவதாகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். சிறிதாகப் பிறந்த பெண் குழந்தை, வசதி வந்த சூழலில் வளர்ந்து கருவுறும்போது அவளுடைய சிறிய தாங்குதிறன் கர்ப்பத்தின் சுமையைத் தாங்காமல் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வருகிறது. தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் கடக்காது. குழந்தையின் கணையம் தானே இன்சுலினை மிகுதியாகச் சுரக்க, அந்தக் குளுக்கோஸ் கொழுப்பாகப் படிகிறது. அம்மாவின் பற்றாக்குறையில் தொடங்கியது மகளின் மிகுதி வழியாகப் பேரக்குழந்தையிடம் வந்து சேர்கிறது.

இந்த வளையத்தை உடைக்கச் சென்னையிலிருந்து ஒரு வழி பிறந்தது. கர்ப்பிணி கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கும் முறையை வி. சேஷய்யா வலியுறுத்தினார். வெறும் வயிற்றோடு மறுநாள் வரச் சொன்னால் கிராமத்துப் பெண் திரும்பி வராமல் போகலாம் என்ற நடைமுறை அறிவு இதற்குப் பின்னால் இருக்கிறது. 2014இல் மத்திய அரசின் வழிகாட்டுதல் இந்த முறையை ஏற்றுக்கொண்டது.

கர்ப்பத்தில் தொடங்குவதும் தாமதம்தான் என்பதை மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்த பெரிய சோதனை உணர்த்தியது. கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டியைப் பெண்களுக்குத் தினமும் கொடுத்தார்கள். கருவுறுவதற்கு மூன்று மாதமாவது முன்பிருந்து சாப்பிட்டவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதலாகப் பிறந்தார்கள். இது சிறிய எண், இதை வெற்றி என்று முரசறைவதற்கில்லை. ஆனால் அந்தச் சிற்றுண்டி சாப்பிட்டவர்களிடம் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் 12.4 சதவீதத்திலிருந்து 7.3 சதவீதமாகக் குறைந்திருந்தது. வயிற்றை நிரப்பும் கலோரியைவிட நுண்சத்துகளே இங்கே பற்றாக்குறை என்று இதிலிருந்து ஊகிக்க இடமிருக்கிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் நாட்டில், வளரிளம் பெண்ணின் சாப்பாட்டுத் தட்டும் சர்க்கரை நோய்த் துறையின் விவகாரம்தான். அது இன்னும் அந்தத் துறையின் வரவு செலவில் இடம்பெறவில்லை.

புனேக் கிராமங்களில் 1990களில் பிறந்து, பிறந்தவுடன் கொழுப்பு மடிப்பு அளக்கப்பட்ட குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். 2012 முதல் அவர்களுக்கு, பெண்களுக்கும் ஆண்களுக்கும், வைட்டமின் பி12 உள்ளிட்ட நுண்சத்துகளைக் கருத்தரிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கொடுத்து யாஜ்னிக்கின் குழு ஒரு சோதனையைத் தொடங்கியது. அந்தக் குழந்தைகளுக்கு இப்போது குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். அவர்களையும் அதே மருத்துவர்கள் அளந்து வருகிறார்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் நடுவயதை எட்டும்போதுதான் முழு விடை கிடைக்கும்.